ஐந்து உலக்கைத் தாது ஆலை: மாதிரி வேலை, எட்டாம் வாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களில் உருப்பெற்ற ஐந்து உலக்கை ஆலையைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்து வருகிறேன். கோலார் தங்கவயலிலும் இவ்வகை உலக்கைகள்தாம் தாதுவை இடித்தன. அசலில் ஓர் உலக்கையின் எடை 340 முதல் 450 கிலோ வரை இருக்கும். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முறை, 15 முதல் 20 செ.மீ. உயரத்திலிருந்து வார்ப்பிரும்பு உரலுக்குள் விழுந்து, தங்கம் பொதிந்த வெங்கச்சங்கல்லைத் தண்ணீரோடு இடித்துச் சேறாக்கும்.

சென்ற மாதம் முழுவதும் கேம் (cam, சுழலும் அச்சில் பொருத்தி உலக்கையைத் தூக்கிவிடும் வளைந்த கை) வெட்டுவதிலேயே போயிற்று. கண்ணளவாக வெட்டிய முதல் கேம், உலக்கையை உதறி உதறித் தூக்கியது. பிறகு 24 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டில் நூலைச் சுற்றி, நுனியில் பென்சிலைக் கட்டி, நூல் தளராமல் அவிழ்த்தபடியே வரைந்தேன். அக்காலத்துப் பொறியாளர்கள் கேமுக்குக் கொடுத்த வளைவு அதுவே. அவ்வளைவுக்கு அராவியெடுத்த பித்தளைக் கேம், அச்சு சீராகச் சுழலும்வரை உலக்கையையும் சீராகவே உயர்த்துகிறது. கேமுக்கு இரண்டு கைகள் இருப்பதால் அச்சு 45 முறை சுழன்றாலே 90 அடி விழுந்துவிடும்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. கேம், உலக்கைத் தண்டின் நடுவில் அல்லாமல் ஒரு பக்கமாக உரசித் தூக்குவதால், ஒவ்வொரு தூக்கலிலும் தண்டு சற்றே திரும்புகிறது. தண்டில் வெள்ளைக் கோடு ஒன்று வரைந்து பார்த்தேன். பதினைந்து அடிகளுக்குள் அக்கோடு முழுச் சுற்று வந்து மீண்டும் என் முன் நின்றது. உலக்கையின் அடிப்பூண் ஒரே பக்கமாகத் தேயாமல் இருந்ததற்கு இந்த உரசலே காரணம்.

நேற்று ஐந்தையும் சேர்த்து ஓட்டினேன். எடை ஆயிரத்தில் ஒரு பங்காகவும் உயரம் பத்தில் ஒரு பங்காகவும் குறைவதால் அடியின் ஆற்றல் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகையால் கல்லுக்குப் பதிலாகச் செங்கல் துணுக்குகளைப் போட்டேன். உலக்கைகள் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக விழுந்ததில் துணுக்குகள் எல்லாம் கடைசி மூலைக்கு ஒதுங்க, முதல் உலக்கை வெறும் இரும்பையே இடித்தது. கேம்களைக் கழற்றி, 36 பாகை இடைவெளியில் 1, 4, 2, 5, 3 என்ற பழைய முறைப்படி மாற்றிய பின், துணுக்குகள் உரல் முழுவதும் பரவிப் புரண்டன.

இனி உரலின் முன்வாயில் சல்லடையும் அதன் கீழே செப்புத் தகடும் பொருத்த வேண்டும். அசலில் அத்தகட்டில் பாதரசம் பூசி, சேற்றோடு வழிந்து வந்த தங்கத்தைப் பிடித்தார்கள். பாதரச ஆவி நஞ்சு என்பதால், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதுபோல என் தகட்டுக்கு ஈயம் பூசி, அந்த வெள்ளி நிறத்தை மட்டும் கொண்டுவரப் போகிறேன்.