செங்காந்தளைத் தொட்டியில் வளர்க்க

கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ எல்லாம் செங்காந்தள்தான். ஜவ்வாது மலைச் சரிவில் பாறையிடுக்குச் சரளையில் இது எப்படிப் பிழைக்கிறது என்று பார்த்தாலே, வேலூர் மொட்டைமாடியில் ஏன் அழுகுகிறது என்பது விளங்கும். பாறையிடுக்கில் மழைநீர் தங்காது, வடிந்துவிடும். நம் தொட்டியில் தேங்குகிறது.

மலையில் தோண்டாதீர்கள். கிழங்கை விவசாயிகளிடமே வாங்கலாம். விதை போட்டால் பூவுக்கு மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் நடுங்கள். ஓரடி ஆழத் தொட்டி, பாதி செம்மண், பாதி ஆற்று மணலும் பொடிச் சரளையும். கிழங்கைப் படுக்கவைத்து இரண்டு அங்குலம் மூடினால் போதும். கிழங்கு கவட்டை மாதிரி இரண்டு கையாக இருக்கும்; முளை அந்த நுனிகளில்தான். நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது, கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் சரி. கவட்டையில் வெட்டினால் இரண்டு செடி கிடைக்கும். வெட்டுவாயில் சாம்பல் தடவி ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். பச்சைக் காயத்தோடு புதைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலை நுனியே சுருண்டு பற்றும். தடி மூங்கிலை ஊன்றிவிட்டு "ஏறமாட்டேங்குது" என்பார்கள். அதைச் சுற்றிப் பிடிக்க இலை நுனிக்கு நீளம் போதாது. விளக்குமாற்றுக் குச்சியோ சணல் கயிறோ கொடுங்கள், விறுவிறுவென ஏறும்.

பூ பச்சை மஞ்சளாக விரிந்து, சில நாளில் முழுச் சிவப்பாகும். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் தன் மகரந்தம் எளிதில் சூல்முடியில் படாது. காய் வேண்டுமானால் காலையில் வேறொரு பூவின் மகரந்தத்தை இந்தச் சூல்தண்டின் நுனியில் தொட்டு வையுங்கள்.

புள்ளிபோட்ட வண்ணப் புழு வந்தால் இலை ஒரே இரவில் மொட்டையாகும். குச்சியால் தட்டி எடுத்துவிடுங்கள்.

தை, மாசியில் கொடி காய்ந்தால் செத்துவிட்டது என்று தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். அது உறக்கம். பழைய கிழங்கு வற்றி, புதுக்கிழங்கு உள்ளே தயாராக இருக்கும். தண்ணீரை அடியோடு நிறுத்தித் தொட்டியை நிழலுக்கு மாற்றி, ஆனி வரை விட்டுவிடுங்கள்.

செடி முழுக்க கோல்ச்சிசின் என்ற விஷம் உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கையுறை போட்டுத் தொடுங்கள். காய் வெடித்துத் தெரியும் சிவந்த விதை குழந்தைகளை இழுக்கும். சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் காயை முற்றவிடாமல் கிள்ளிவிடுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு.