உப்பு கூடியிருக்கிறது என்றார்கள்

2012ஆம் ஆண்டு ஆவணியில், என் தம்பியின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த மருத்துவர், “உப்பு கொஞ்சம் கூடியிருக்கு, பார்த்துக்குங்க” என்றார். அவர் சொன்னது கிரியேட்டினினை, சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருளை. ஆத்தா விளங்கிக்கொண்டது அடுப்படி உப்பை. அன்று மாலையே ஊறுகாய்ச் சாடிகளும் மோர்மிளகாய் டின்னும் இரண்டாங்கட்டுப் பரணுக்கு ஏறிவிட்டன. சமையலில் உப்பைக் குறைத்தது நல்லதுதான், இரத்த அழுத்தத்துக்கு அது வேண்டியதே. ஆனால் உப்பைக் குறைத்துவிட்டோம், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் நிம்மதியாக இருந்துவிட்டோமே, அதைத்தான் இன்றும் என்னால் செரிக்க முடியவில்லை.

சீட்டில் இருந்த எண் 1.8. தம்பிக்கு அப்போது 44 வயது. அந்த வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர், ஏறக்குறைய 47 என்று வரும். அது 60க்குக் கீழே இறங்கி மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றாலே நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். பத்தாண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவனுக்குச் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று அதுவரை ஒருமுறைகூட யாரும் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை. ஊரையும் மருத்துவமனையையும் குறிப்பிட விரும்பவில்லை. கேட்காமல் இருந்தது எங்கள் தவறும்தான்.

2016 தையில் ஒருநாள் நள்ளிரவில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முகப்பில் வந்து உட்கார்ந்துகொண்டான். விடிவதற்குள் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கழுத்து நரம்பில் குழாய் செருகி அவசரமாக டயாலிசிஸ் தொடங்கினார்கள். கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி, போட்டு, அது முற்றிப் பயன்படுவதற்கு ஆறு வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் வரை ஆகும் என்பதையும், முன்னரே தெரிந்திருந்தால் இந்தக் கழுத்துக் குழாயே தேவைப்பட்டிருக்காது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு எங்கள் காதில் விழுந்ததோ அதற்கும் எட்டு மாதம் கழித்து.

நான் இதை எழுதுவதே அந்த எட்டு மாதத்துக்காகத்தான். டயாலிசிஸ் செய்து பார்த்து, அதுவும் முடியாமற்போனால் கடைசியாகத் தட்டும் கதவுதான் மாற்று அறுவை என்று நம் ஊர்களில் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், வடிகட்டும் திறன் 30க்குக் கீழே இறங்கும்போதே அந்தப் பேச்சைத் தொடங்கலாம். 20ஐ ஒட்டி வரும்போது கொடையாளர் பரிசோதனைகளை ஆரம்பிக்கலாம். உடலும் கொடையாளரும் ஒத்துவந்தால் டயாலிசிஸ் ஊசியே படாமல் நேராக மாற்று அறுவைக்குப் போகலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் சிறுநீரகம் மேலும் கெடுவதற்கு முன்பே போட்டால் உடல் அதை நன்றாக ஏற்கும். இரத்தச் சோகைக்கு இரத்தம் ஏற்ற ஏற்ற, பிறருடைய உறுப்பை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உருவாகி, பிறகு பொருத்தம் கிடைப்பது அரிதாகிவிடக்கூடும். தம்பிக்கு இரண்டு பாட்டில் ஏற்றியிருந்தார்கள். நல்லவேளையாக அது வினையாகவில்லை.

கொடுத்தது நான். அவனுக்கு நான் ஆச்சி, அதாவது அக்காள். அவனைவிட மூன்று வயது மூத்தவள். உடன்பிறந்தவர் என்பதால் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவு. ஆனாலும் பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை என்று ஒரு பை நிறையத் தாள் சேர்ந்தது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் அவருடைய சுயவிருப்பத்தைத் தனியாக உறுதிசெய்ய வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. என்னையும் தனியறையில் உட்காரவைத்து, “யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?” என்று இரண்டு முறை கேட்டார்கள். இந்தியாவில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம், பெறுபவர்களில் ஆண்களே அதிகம் என்பதை நினைத்தால், அந்தக் கேள்வியை மூன்றாம் முறையும் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

“ஒரு வயித்துப் பிள்ளைக, அப்பறம் எதுக்கு ஆயுசுக்கும் மாத்திரை?” என்று அயித்தை கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரி செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கிடையே நடந்தது. அதனால்தான் எதிர்ப்பை அடக்கும் மருந்தில்லாமலே அது நிலைத்தது. சாதாரண உடன்பிறப்புகளுக்குள் முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். எங்களுக்குப் பாதிப் பொருத்தம்.

அறுவை 2017 ஆனியில் நடந்தது. என் இடப்பக்கச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். அதன் சிரை நீளமானது, தைப்பதற்கு வசதி. அவனுக்கு வலப்பக்க அடிவயிற்றில் வைத்தார்கள். பழைய இரண்டும் அப்படியே உள்ளே இருக்கின்றன என்றதும், “எடுக்கலையா! அப்ப அவனுக்கு மூணா?” என்று அயித்தைக்கு மறுபடியும் வியப்பு.

அறுவையோடு நோய் முடிந்துபோகவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் மருத்துவர் சீட்டின் தலைப்பில் நாள்பட்ட சிறுநீரக நோய் என்றுதான் எழுதுகிறார், சரியாகத்தான் எழுதுகிறார். எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை காலை ஒன்பது மணிக்கு, இரவு ஒன்பது மணிக்கு. மருந்தின் அளவைப் பார்க்க இரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் பையில் வைத்துக்கொண்டு போய், ஊசி குத்திய பிறகுதான் போட வேண்டும். ஒருமுறை பழக்கத்தில் முன்னரே விழுங்கிவிட்டு, எண் எகிறி, எல்லாரும் பதறினோம். பம்பளிமாஸ் பழம் வீட்டுக்குள் வருவதில்லை, அது இந்த மருந்தை இரத்தத்தில் கூட்டிவிடக்கூடும். ஸ்டீராய்டும் சேர்ந்து சர்க்கரையை ஏற்றியதால் மாத்திரை போய் இன்சுலின் வந்தது. கிரியேட்டினின் இப்போது 1.3. எனக்கும் ஆண்டுக்கொருமுறை சிறுநீர்ப் புரதம், இரத்த அழுத்தம், கிரியேட்டினின் மூன்றும் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வலிமாத்திரை வாங்குவதை அடியோடு விட்டுவிட்டேன்.

கொடுக்க ஆள் இல்லாதவர்கள் அரசின் உறுப்பு மாற்றுப் பட்டியலில் பதிந்து, மூளைச்சாவு அடைந்தவரின் கொடைக்குக் காத்திருக்கலாம். தமிழகத்தில் 2008 முதல் அது முறையாக நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் மாற்று அறுவை உண்டு. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும் என்பதால், பதிவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

போன வாரம் எதிர்வீட்டு ஆச்சி ஒரு சீட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். “உப்பு கொஞ்சம் கூடுதலாம், ஊறுகாயை நிறுத்திட்டேன்” என்றார்கள். கிரியேட்டினின் 1.4, வயது 61. கைப்பேசியில் கணக்குப் போட்டால் 43 வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவர்களை நானே ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போய்ச் சிறுநீர் கொடுக்கவைத்தேன். புரதச் சோதனையின் முடிவு நாளை வரும்.