பேரேட்டில் கிடைத்த துப்பாக்கி

நியூஜெர்சியில் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் பழைய இரட்டைக்குழல் ஷாட்கன் வாங்கினேன். முதல் உலகப் போருக்கு முன்பே தன் தாத்தா புதிதாக வாங்கியது என்றார். குழலின் மேல் நியூயார்க் கடைப் பெயர்: வான் லெங்கர்கே அண்ட் டெட்மோல்ட். அடியில் பெல்ஜியத்தின் லீயேஜ் நகரச் சோதனை முத்திரைகள். செய்தது ஃப்ராங்காட் என்ற நிறுவனம்.

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழல்களைக் கழற்றி, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். முத்திரைகளுக்கு நடுவே ஆண்டைக் குறிக்கும் சிறிய எழுத்து ஒன்று. லீயேஜில் அந்த வழக்கம் 1922-ல்தான் தொடங்கியது. தாத்தா கதை அங்கேயே ஆட்டம் கண்டது.

அந்தக் கடையை 1920-களின் கடைசியில் ஏபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் வாங்கிவிட்டது. இன்று டி-ஷர்ட் விற்கும் அதே பெயர்தான். அப்போது அது பெரிய வேட்டைச் சாமான் கடை. மேடிசன் அவென்யூ கட்டடத்தின் அடித்தளத்தில் துப்பாக்கி சுட்டுப் பழக இடமே வைத்திருந்தார்கள். 1977-ல் கடை மூடியது. நல்லவேளை, துப்பாக்கி விற்பனைப் பேரேடுகள் கிரிஃபின் அண்ட் ஹோ என்ற துப்பாக்கி நிறுவனத்திடம் தங்கிவிட்டன. துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் தேடித் தருகிறார்கள்.

நான் கொடுத்த எண்ணுக்குப் பதிவே இல்லை என்று பதில் வந்தது. தப்பு என்னுடையது. லீயேஜ் குழல்களில் எடையையும் கிலோ கணக்கில் குத்தியிருப்பார்கள். அந்த இலக்கங்களை வரிசை எண் என்று எடுத்துக்கொண்டேன்! எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் உண்மையான எண் வேறு இடத்தில் தெரிந்தது. குழலிலும் உடலிலும் ஒரே எண். இதை முதலிலேயே ஒப்பிட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது முறை கடிதம் வந்தது. செய்தவர் கணக்கு பெரும்பாலும் சரக்கு கிளம்பியதோடு முடியும். கடைக்காரர் பேரேட்டில்தான் வாங்கிய ஆள் இருப்பார். விற்ற ஆண்டு 1927. வாங்கியவர் பெயர் பெரியவர் குடும்பப் பெயரே இல்லை. அப்படியானால் தாத்தா இரண்டாம் கையாக வாங்கியிருக்க வேண்டும். பெரியவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அவர் எதையும் புதுசா வாங்கி நான் பார்த்ததில்லை" என்றார்.

குழல் நீளம் பேரேட்டில் இருந்தபடியே இருந்தது. பின்கட்டை மட்டும் முக்கால் அங்குலம் குறைவு. யாரோ குட்டையான ஆளுக்காக அறுத்திருக்கிறார்கள். தாத்தா எவ்வளவு உயரம் என்று இன்னும் கேட்கவில்லை.