புக்கிட் தெரேசா மேட்டில் அம்மா

பையனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன அன்று ராத்திரி அம்மா நேர்ந்துகொண்டார்: "தெரசம்மா, பேரன் பொழச்சு வீட்டுக்கு வரட்டும், உன் மடத்துக்கே மெழுகுதிரி கொண்டு வர்றேன்." வந்துவிட்டான். தோத்திரம்!

லூர்து மாதா கோயிலிலேயே ஏற்றிவிடலாமே என்றேன். இங்கே சிங்கப்பூரில் ஓஃபிர் ரோட்டுக்குத் தமிழ்ப் பூசைக்கு எப்படியும் போகிறோம். அந்தக் கோயில் திறந்த 1888-ல்தான் சிறுமலர் என்கிற தெரசம்மாவும் 15 வயதில் பிரான்ஸில் லிசியே கார்மேலுக்குள், வெளியே வராத கன்னியர் மடத்துக்குள், போனாள். அம்மா அசையவில்லை. காரணம் எனக்குத் தெரியும். 16 வயதில் அம்மாவும் கார்மேலுக்குப் போகக் கேட்டவர். தாத்தா விடவில்லை. "அவ பாப்பரசர் கால்லயே விழுந்து கேட்டா, எனக்கு எங்கப்பாகிட்ட ரெண்டாந்தடவ கேக்கத் தைரியமில்ல" என்பார்.

டாக்ஸிக்காரர் மேட்டடியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். 74 வயது முழங்காலோடு நின்று நின்று ஏறினோம். 1938-லிருந்து இருக்கிற கார்மேல் மடம். ஏறும்போது, இப்போதெல்லாம் இப்படி மடத்தில் சேர்கிறவர்கள் கடைசியாக நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கக் குறைந்தது ஒன்பது வருஷப் பயிற்சி வேண்டும் என்று 2018-ல் ரோமாபுரி விதித்ததைச் சொன்னேன். மூச்சு வாங்கியபடியே அம்மா, "என் கல்யாணத்துக்கு எங்கப்பா ஒன்பது நாள்கூட யோசிக்கல."

உள்ளே மாலை ஜெபம் தொடங்கியிருந்தது. கிராதிக்கு அந்தப்பக்கமிருந்து குரல் மட்டும். எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் படமெடுக்க, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சகோதரிகள் இங்கிலீஷில் சங்கீதம் பாட, அம்மா ஒன்றும் புரியாமல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று எல்லாரும் எழுந்து சிலுவை போட்டார்கள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, மாலை ஜெபத்தில் எழுந்து நின்று பாடும் மரியாளின் பாடல். கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து, தமிழில், மெல்ல, கூடவே சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் இழுத்துப் பாடுகிற இடத்தில் இவரும் நிறுத்திக் காத்திருந்தார். கை நடுங்கியது. நான் பிடிக்கவில்லை, பிடிக்கத் தோன்றவில்லை. என் பிள்ளைக்காக வந்தவள், என்னைப் பெற்றவளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். தெரசம்மா, உனக்குக் கோடி நன்றி, தாயே. பிள்ளைக்கும் சேர்த்து, இதற்கும் சேர்த்து.

இறங்கும்போது அம்மா முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தார். மெழுகுதிரி, தாளில் சுற்றியபடியே, அப்படியே இருந்தது.

"அடுத்த வாரம் வரணும்போல" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.