குளிர்நாட்டு வீட்டில் முதலில் தேடவேண்டிய வால்வு

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் வீட்டில் பழகியவர்களுக்குக் குளிர்நாட்டு வீட்டுக் குழாய் சட்டென்று பிடிபடாது. தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) தான். இங்கே பெரும்பாலான வீடுகளுக்குள் தெருக்குழாய் நேராக வருகிறது, பொதுவாக 2 முதல் 4 பார் அழுத்தத்தோடு. 30 மீட்டர் உயரத்தில், ஒருநாளும் காலியாகாத தொட்டி ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாடித் தொட்டி என்றால், குழாய் உடைந்தாலும் அதில் இருக்கும் தண்ணீர் தீர்ந்ததும் நின்றுவிடும். இங்கே யாராவது போய் மூடும்வரை கொட்டும். குழாயோ சுவருக்குள்ளும் மரத்தரைக்கு அடியிலும் ஓடுகிறது.

ஆகவே சாவி கைக்கு வந்த அன்றே, பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே, பிரதான வால்வு எங்கே என்று பாருங்கள். சமையலறை சிங்க்கின் அடி, தண்ணீர் மீட்டரின் பக்கம், நிலவறைச் சுவரில் குழாய் நுழையும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றில் பெரும்பாலும் இருக்கும். கைப்பிடி நீளமாக இருந்தால் குழாய்க்குக் குறுக்கே திருப்புங்கள், மூடிவிடும். உருண்டைப் பிடியை வலப்பக்கம் திருக வேண்டும். பழைய உருண்டை வால்வு இறுகியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், தண்டு முறிந்தால் வேலை பெரிதாகிவிடும். வீட்டுக்காரருக்குச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக்கென்று தனி வால்வு உண்டா, மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றுதானா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும்கூட, அதை மூடத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி தண்ணீரின் நிறம். குளிர்காலத்தில் தண்ணீர் பால்போல் வெளுத்து விழுவதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். கண்ணாடிக் குவளையில் பிடித்து ஓரிரு நிமிடம் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்று. குளிர்ந்த நீரில் அழுத்தத்தால் கரைந்திருந்த காற்று, அழுத்தம் குறைந்ததும் குமிழாகப் பிரிகிறது, தாராளமாகக் குடிக்கலாம். கலங்கல் அடியில் படிந்தால் அது வண்டல். பழுப்பு நிறம் துரு. எல்லாக் குழாயிலும் பழுப்பாக வந்தால் தெருவில் வேலை நடந்து, குழாயில் படிந்திருந்தது கலங்கியிருக்கும். தெளியும்வரை குளிர்நீரைத் திறந்துவிடுங்கள், அதுவரை துணி துவைக்க வேண்டாம், கறை பிடிக்கும். வெந்நீர் மட்டும் பழுப்பென்றால் குறை ஹீட்டர் தொட்டியிலோ வெந்நீர்க் குழாயிலோ இருக்கிறது.

நாற்றம் அடித்தாலும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். குவளையில் பிடித்து அடுத்த அறைக்குக் கொண்டுபோய் முகருங்கள். அங்கே நாற்றம் இல்லையென்றால் கெட்டது தண்ணீர் அல்ல, சிங்க்கின் வடிகுழாய். ஒவ்வொரு வடிகுழாயின் அடியிலும் வளைவு ஒன்றில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும்; சாக்கடை வாயுவைத் தடுப்பது அதுதான். புழங்காத குளியலறையில் அந்த நீர் வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

குடிக்கவும் சமைக்கவும் குளிர்நீர்க் குழாயில் மட்டுமே பிடியுங்கள். சீக்கிரம் கொதிக்குமே என்று வெந்நீரைப் பிடிக்கும் வழக்கம் கூடாது. சூடான நீர் உலோகத்தை அதிகம் கரைக்கும். மிகப் பழைய வீடுகளில் காரீயக் குழாய் இன்னும் இருக்கலாம். சாம்பல் நிறம், காந்தம் ஒட்டாது, நாணயத்தால் லேசாகச் சுரண்டினால் வெள்ளிபோல் மின்னும். காரீயம் கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் சந்தேகத்தை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் நீர் மெல்ல வந்தால் வாயிலுள்ள வலை சுண்ணாம்பால் அடைபட்டிருக்கும். கழற்றி ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும்.

சொட்டும் குழாய்க்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்: பல சுற்றுத் திருகும் குழாயென்றால் தேய்ந்த ரப்பர் வாஷர், ஒற்றைப் பிடியென்றால் உள்ளே நீரைத் திறந்து மூடும் உறுப்பான காட்ரிட்ஜ். வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடித்து, திருகாணி விழாமல் சிங்க் துளையை அடைத்துவிட்டுக் கழற்றுங்கள். பழைய உறுப்பையே கடைக்கு எடுத்துப்போங்கள், அளவு சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம். கழிப்பறைத் தொட்டியின் கசிவு சத்தமில்லாமல் நடக்கும். தொட்டியில் உணவு நிறமி சில சொட்டு விட்டு அரைமணி ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடி மூடியின் ரப்பர் போய்விட்டது.

குளியலறைத் தரையில் பெரும்பாலும் வடிகால் கிடையாது. குளியல் தொட்டிக்கு வெளியே சிந்துவது ஓரங்கள் வழியே இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியும். திரையின் அடி தொட்டிக்கு உள்ளேயே தொங்கட்டும். வாளியும் குவளையும் வேண்டுமென்றால் தொட்டிக்குள் வைத்துக் குளியுங்கள்.

பெரிய ஆபத்து உறைபனிதான். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. பனிக்கட்டிக்கும் குழாயின் மூடிய வாய்க்கும் நடுவே சிக்கிய நீரின் அழுத்தம் ஏறிக் குழாய் பிளக்கிறது. வெளிக்குழாயில் மாட்டிய ஹோஸை முதல் உறைபனிக்கு முன்பே கழற்றி, உள்பக்க வால்வை மூடி, வெளியே திறந்து வைத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது செலவு மிச்சம் என்று ஹீட்டிங்கை அணைக்காதீர்கள். 13 டிகிரியாவது இருக்கட்டும். கடுங்குளிர் இரவில் வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, குழாயை நூல்போல் ஒழுக விடுங்கள்.

உறைந்தே போனால் முதலில் குழாயைத் திறந்து வைத்து, அந்தப் பக்கத்திலிருந்து முடி உலர்த்தியால் சூடேற்றியபடி உறைந்த இடத்தை நோக்கிப் போங்கள். நெருப்பு கூடவே கூடாது. பனி அடைத்திருக்கும்வரை விரிசல் தெரியாது, உருகும்போதுதான் பீறிடும். அந்த நேரம் ஒருவர் பிரதான வால்வின் பக்கத்தில் நிற்கட்டும்.