கூலி இல்லாத நூற்பு

நியூசிலாந்தின் தென் தீவில் ஜூன், ஜூலைதான் நடுக் குளிர்காலம். ஊரில் ஆடிக் காற்று அடிக்கும் நேரத்தில் நாங்கள் கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருப்போம். வெளியே குளிர்வதுகூடப் பரவாயில்லை, வீட்டுக்குள் குளிர்வதுதான் எனக்குப் புதிது. பழைய மரவீடு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். ஹாலில் ஹீட் பம்ப் ஓடும். படுக்கையறைக்குப் போனால் மூச்சு புகையாகத் தெரியும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டர்கள் ஊட்டிக்குச் சுற்றுலா போய்வர மட்டுமே லாயக்கு. நான் கம்பளிப் பக்கம் திரும்பியதற்குக் கலைத்தாகம் எல்லாம் காரணமில்லை, இந்தக் குளிர்தான்.

நாங்கள் இருப்பது ஆஷ்பர்ட்டனில். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணம், கேன்டர்பரி சமவெளியில் ஒரு சிறு ஊர். கணவருக்கு மாட்டுப் பண்ணையில் வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில். ஊர்ப் பெயரைச் சொன்னால் நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் கையால் நூல் நூற்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் "ஆஷ்ஃபோர்டு ராட்டை செய்யும் ஊரா?" என்பார்கள். 1934இல் வால்டர் ஆஷ்ஃபோர்டு தொடங்கிய தொழில் அது. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்குக் காலுறையும் ஸ்வெட்டரும் பின்ன இந்நாட்டுப் பெண்கள் வீட்டிலேயே கம்பளி நூற்றார்கள். அப்போது ராட்டைகளுக்கு நல்ல கிராக்கி. போர் முடிந்ததும் தேவையும் போனது. பிறகு 1965இல் 'டிரெடிஷனல்' என்ற மாடல் வந்தது. இன்றும் அதுதான் பலருக்கு முதல் ராட்டை. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். என்னுடையது டிரேட் மீ தளத்தில் பழசாக வாங்கியது.

நான் சென்னிமலைக்காரி. தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் எழுந்து வளர்ந்தவள். அப்பா குழித்தறியில் போர்வை நெய்தார், அம்மா தார், அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கான கண்டு, சுற்றினார். மழைக்காலத்தில் தெருவில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஓட்ட முடியாது, குழிக்குள் ஈரம் ஊறும், கூலி நின்றுபோகும். என்னைப் படிக்க வைத்ததே தறியிடமிருந்து தப்பிக்கத்தான். அதனால் ராட்டை வாங்கிய செய்தியை அம்மாவிடம் போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கூலி எவ்வளவு கண்ணு தர்றாங்க?"

"கூலியெல்லாம் இல்லீங்கம்மா, சும்மா பொழுதுபோக்குக்கு."

"அத்தனை தூரம் போயி ராட்டை சுத்தறதுதான் பொழுதுபோக்கா?"

அம்மாவுக்கு நூற்பு தெரியும். அவர் படித்த பள்ளியில், கையால் சுழற்றி நூற்கும் தக்கிளிக்கு வகுப்பு இருந்தது. சரியாக நூற்காவிட்டால் அடி விழுமாம்.

இந்த ராட்டையில் உட்கார்ந்தால் நம் ராட்டையின் பழக்கம் பாதிதான் உதவும். நம்முடையதில் வலது கை சக்கரம் சுற்றும், இடது கை பஞ்சை இழுக்கும். முறுக்கு ஏறியதும் நிறுத்தி, இழையைக் கதிர் என்ற கம்பியில் சுற்ற வேண்டும். இங்கே சக்கரத்தைக் கால் மிதிக்கிறது, இரண்டு கையும் இழைக்கு. முறுக்குவதும் சுற்றிக்கொள்வதும் ஒரே ஓட்டத்தில் நடந்துவிடும். இழையும் வேறு. பருத்தி இழை ஒரு அங்குலம் சொச்சம்தான் இருக்கும். வேகமாக முறுக்காவிட்டால் கையோடு வந்துவிடும். காரிடேல் என்ற செம்மறி ஆட்டின் ரோமம் நாலைந்து அங்குலம் நீளம், நம் தடுமாற்றத்துக்கெல்லாம் ஈடுகொடுக்கும். மெரினோவையும் லிங்கனையும் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாட்டிலேயே உருவாக்கிய இனம் அது. பழகுகிறவர்கள் மெரினோவில் ஆரம்பிக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ரொம்ப மெல்லிசு, எரிச்சல்தான் மிஞ்சும்.

எங்கள் ஈரோட்டுப் பக்கத்து மேச்சேரி ஆட்டின் உடம்பில் கம்பளியே கிடையாது. குட்டை முடிதான், கறிக்கும் தோலுக்கும் வளர்ப்பது. அதனால் ஓர் ஆட்டிலிருந்து ஒரே விரிப்பாகக் கழன்று வரும் கம்பளியை முதன்முதலில் தரையில் விரித்துப் பார்த்தபோது அசந்துபோனேன். தொட்டால் எண்ணெய் தேய்த்த தலைபோல் பிசுபிசுப்பு, கூடவே சாணியும் புல்லும். ஓரத்து அழுக்கைப் பிய்த்தெறிந்துவிட்டு, கை பொறுக்காத சுடுநீரில் சோப்புக் கரைசல் விட்டு அப்படியே ஊறப்போட வேண்டும். கிளறக் கூடாது, கசக்கக் கூடாது. அடுத்த தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கித் தடித்த கம்பளமாகிவிடும், பிறகு ஷூவுக்குள் போடத்தான் ஆகும். காய்ந்ததும் முள் பலகையில் சிக்கெடுத்துச் சுருட்டிக்கொண்டால் நூற்கத் தயார்.

இந்தக் கம்பளியைப் பக்கத்துப் பண்ணைக்காரர் காசு வாங்காமல் கொடுத்தார். இந்த நாட்டில் 1982இல் ஏழு கோடி ஆடுகள் இருந்தன. இன்று இரண்டரைக் கோடிகூட இல்லை. முரட்டுக் கம்பளிக்கு விலை விழுந்துபோனதில், சில ஆண்டுகள் ரோமம் கத்தரிக்கிற கூலிக்குக்கூட வரும்படி தேறவில்லை. எங்கள் ஊர் மாட்டுப் பண்ணைகள் பலவும் முன்பு ஆட்டுப் பண்ணைகள்தான். பண்ணைக்காரரின் பேச்சைக் கேட்டபோது சென்னிமலையில் விசைத்தறி வந்த காலத்து அப்பாவின் புலம்பல்தான் ஞாபகம் வந்தது.

நூற்கிறவர்கள் கூடும் குழு ஒன்று இங்கே இருக்கிறது. நாடு முழுக்க இப்படிக் குழுக்கள் உண்டு. 1969இல் தொடங்கிய சங்கம், இப்போது 'கிரியேட்டிவ் ஃபைபர்' என்று பெயர். ஹாலில் வட்டமாக ராட்டைகள், ஓரத்தில் டீயும் ஸ்கோனும். நான் தட்டுவடை கொண்டு போவேன், முதலில் தீர்ந்துபோவது அதுதான். எண்பது வயது அம்மாக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. இப்போதும் பெயரை விழுங்கிவிட்டுத்தான் பேசுகிறேன். இந்தியாவில் நூற்பது என்றால் காந்தி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்பர் சர்க்கா என்ற ராட்டையைக் கண்டுபிடித்த ஏகாம்பரநாதன் எங்கள் தமிழ்நாட்டுக்காரர், அவர் பெயரிலிருந்துதான் 'அம்பர்' வந்தது என்று நான் சொன்னது புதுச்செய்தி.

அப்பா நெசவாளி என்றதும் "எவ்வளவு அழகான வாழ்க்கை!" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. கூலிக் கணக்கைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தன் அம்மா பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, அந்த நூலிலேயே பிள்ளைகளுக்குப் பின்னியதைச் சொன்னார். வாங்கக் காசில்லாத காலமாம். அந்த அம்மாவுக்கும் பின்னல் பிடிக்காதாம். இவர்களுக்கும் இது ஒரு தலைமுறைக்குப் பிறகுதான் விளையாட்டாகியிருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு ஊசி, நேர்க் கண்ணி, எதிர்க் கண்ணி, பஸ்ஸில்கூடச் செய்யலாம். கடை நூலில் '8 பிளை' என்று போட்டிருந்தால் எட்டுப் புரி என்று எண்ணிப் பார்க்காதீர்கள், அது தடிமனுக்கான கணக்கு. 4 மில்லிமீட்டர் ஊசியில் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வரும்.

நெசவுதான் என்னை இழுத்துக்கொண்டது. வாங்கியது மேசைமேல் வைக்கிற சிறு தறி. பாவு இழைகளைத் தூக்கும் விழுதும், ஊடையை அடித்து நெருக்கும் அச்சும் ஒரே சட்டம், மிதி கிடையாது, சட்டத்தைக் கையால் ஏற்றி இறக்க வேண்டும். வீடியோ காலில் பார்த்த அப்பா, "இது தறியா, பள்ளிக்கூடப் புள்ளைங்க விளையாட்டுச் சாமானா?" என்றார். பிறகு தெரிந்தவர் ஒருவரிடம் ஊடை நூலை ஓட்டும் தன் பழைய மர நாடாவைக் கொடுத்துவிட்டார். மரச் சாமான் என்பதால் விமான நிலையத்தில் அதை எழுதிக் காட்ட வேண்டும். பூச்சி ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் விட்டார்களாம். என் தறிக்கு அது பெரிசு. ஆனாலும் மேசையில் இருக்கிறது.

அப்பாவின் அனுபவம் கம்பளியிடம் சில இடங்களில் செல்லுபடியாகவில்லை. "பாவு தொய்வா இருக்கு, இறுக்கு" என்பார். கம்பளி நூல் இழுபடும். இறுக்கி நெய்தால், தறியிலிருந்து அறுத்ததும் துணி சுருங்கிக்கொள்ளும். கஞ்சி போடாமல் பாவு பூட்டியதை அவரால் நம்பவே முடியவில்லை. நெய்து முடித்து, வெதுவெதுப்பான நீரில் வேண்டுமென்றே அலசிச் சுருக்கிக் காட்டினேன். இழைகள் நெருங்கி, இடைவெளி மூடி, துணி மெத்தென்று ஆனது. "இப்படிச் சுருங்குனா நெசவாளர் சொசைட்டியில மூஞ்சியிலயே வீசிருவாங்க" என்றவர், அடுத்த நாள் தானே கூப்பிட்டு, எத்தனை விரற்கடை சுருங்கியது, ஊடையிலா பாவிலா என்று விசாரித்தார்.

இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு போர்வை ஆரம்பித்திருக்கிறேன். தறியின் அகலம் போதாததால் இரண்டு துண்டாக நெய்து நடுவில் தைக்க வேண்டும்.

"நடுவால தையல் வந்தா எவன் வாங்குவான்?" என்றார் அப்பா.

"விக்கறதுக்கு இல்லீங்கப்பா."

"அப்பச் சரி" என்றவர், தைக்க எந்த நூல் எடுக்கப்போகிறாய், அதே கம்பளியா, பருத்தியா என்று கேட்டார்.