முப்பது வயதைக் கடந்த மியாட்டா: முதலில் பழுது, பிறகு மேம்பாடு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மிசிசாகாவில் எங்கள் வீட்டுக் கராஜின் பாதியை 1992ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய முதல் தலைமுறையைச் சேர்ந்த கார் இது. இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய வினைல் கூரை, பொத்தானை அழுத்தினால் மேலெழும் முகப்பு விளக்குகள், 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட வருகிற இன்றைய குடும்பக் கார்கள் பல இதைவிட வேகமாகப் போகும். இருந்தும் இதை வைத்திருப்பவர்கள் விற்க மனம் வராமல் வைத்திருப்பதற்குக் காரணம், வளைவுகளில் இது நடந்துகொள்ளும் விதம் மட்டுமல்ல. ஒரு ஸ்பானர் செட்டும் கொஞ்சம் பொறுமையும் உள்ள எவரும் வீட்டிலேயே கழற்றி மாட்டக்கூடிய கடைசித் தலைமுறைக் கார்களில் இதுவும் ஒன்று என்பதும்தான்.

இப்படி ஒரு காரை வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தாழ்வான ஸ்பிரிங், அகலமான சக்கரம், சத்தமான சைலன்சர் என்று வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முப்பது ஆண்டுகளில் இறுகியும் வெடித்தும் போன, சஸ்பென்ஷன் மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களோடும், எண்ணெய் கசிந்து வலுவிழந்த ஷாக் அப்சார்பர்களோடும் ஓடுகிற காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, இதன் வடிவமைப்பே இப்படித்தான் என்று முடிவுகட்டி அதை மேம்படுத்தப் புறப்படுவது, ஹிரோஷிமா தொழிற்சாலையில் செய்யப்பட்ட காரை ஒருமுறைகூட ஓட்டாமலேயே அதற்கு மதிப்பெண் போடுவதற்குச் சமம். முதலில் அதைப் பிறந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகுதான் தயாரித்தவர்கள் எங்கே விட்டுக்கொடுத்தார்கள் என்று தேட வேண்டும்.

காரைத் தூக்குவதில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் எஞ்சினுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தின் நடுவிலும், பின்பக்கம், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் உறையின் அடியிலும் ஜாக்கை வைத்துத் தூக்கி, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் இதற்கென்றே வலுவூட்டப்பட்ட இடங்களில் ஸ்டாண்டுகளை நிறுத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுப்பவர்களோடு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

சாலையில் உப்புத் தூவும் ஊரில் இந்தக் காரின் முதல் எதிரி துரு. அந்தத் துரு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. கூரை மடிந்து உட்காரும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் இரு ஓரங்களிலும் மழைநீர் இறங்க ஆளுக்கொரு துளை உண்டு. அங்கிருந்து ஒரு குழாய் கீழிறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் தண்ணீரை வெளியே விடும். காய்ந்த இலையும் தூசியும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்கடியில் உள்ள வெற்றுப் பெட்டிக்குள் இறங்கித் தேங்கி, உள்ளிருந்தே தகட்டைத் தின்னத் தொடங்கும். வெளியே பெயிண்ட் கொப்புளிக்கும்போது உள்ளே மீதி ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், புல்வெட்டும் கருவியில் போடுகிற தடித்த நைலான் நூலை அந்தத் துளைக்குள் மெதுவாகச் செலுத்தி அடைப்பை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி அது சக்கரத்துக்கு முன்னால் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடக்கூடும். பேட்டரியும் இதே கணக்கில்தான் சேரும். எடை சமநிலைக்காக அதை டிக்கியில் வைத்திருக்கிறார்கள்; சீல் செய்யப்பட்ட, ஆவி வெளியேறத் தனிக்குழாய் பொருத்தக்கூடிய வகையைத்தான் அங்கே போட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண பேட்டரியை வைத்தால் அமில ஆவி டிக்கியின் தரையை அரித்துவிடும்.

எஞ்சின் ஆயில் மாற்றுவது எளிய வேலை என்று சொல்லிவிடலாம், ஃபில்டர் இருக்கும் இடத்தைத் தவிர. காற்று உள்ளிழுக்கும் மேனிஃபோல்டுக்கு அடியில், மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு மூலையில் அது உட்கார்ந்திருக்கிறது. முன் வலது சக்கரத்தின் பக்கமிருந்து கையை வளைத்து நுழைத்துத்தான் பிடிக்க வேண்டும். எண்ணெய் முழங்கை வரை வழியாமல் அதைக் கழற்றிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த எஞ்சினில் ஒரு கசிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பணம் நிறைய வீணாகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து எண்ணெய் சொட்டுகிறதென்றால், பார்த்த மாத்திரத்தில், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். அருகிலுள்ள ஒரு பணிமனையில் என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அதை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கூலியே காரின் விலையில் கணிசமான பங்கு வந்துவிடும். ஆனால் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், எஞ்சின் அறையையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தீச்சுவரை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் என்ற சிறு பாகம் செருகப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஓ-ரிங் வயதாகி இறுகிப்போனால், அங்கே கசியும் எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியாக ஓசையில்லாமல் இறங்கி அதே இடத்தில்தான் வந்து சொட்டும். எது என்று அறிய நான் செய்தது இதுதான்: அந்தப் பகுதி முழுவதையும் டிகிரீஸர் போட்டுக் கழுவிக் காயவைத்து, குழந்தைகளுக்குப் பூசும் டால்கம் பவுடரை ஹெட்டின் பின்புறத்திலும் அதற்குக் கீழேயும் தூவி, காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் பழுப்பு நிறக் கோடு ஒன்று சென்சாரின் அடியிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு மேலே ஈரமே இல்லை. சென்சாரைக் கழற்றுமுன் அது நின்ற கோணத்தை ஊசியால் கீறி அடையாளம் வைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் எஞ்சினின் தீப்பொறி நேரத்தை முடிவு செய்வது அதுதான். புது ஓ-ரிங் சில டாலர்தான்.

வால்வுகளை இயக்கும் தண்டுகளைக் கிராங்க்கோடு இணைக்கும் டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 96,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை என்பது பெரிய ஆறுதல். கார் நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். வாட்டர் பம்பைக் கழற்ற இந்தப் பெல்ட்டையும் எடுத்தாக வேண்டியிருப்பதால், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். 1991ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய காரை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் கிராங்க் முனை குட்டையானது. கப்பியைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் மாட்டாவிட்டால், கப்பி நழுவாமல் பிடிக்கும் சிறு உலோக ஆப்பு தேய்ந்து, கிராங்க்கே கெட்டுவிடும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

பின் பிரேக் பேட் மாற்றும்போதுதான் வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். வேறு பல கார்களில், பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனைச் சுழற்றி உள்ளே தள்ளுவார்கள். இதில் அப்படிச் செய்யக்கூடாது. காலிப்பரின் பின்புறம் மூடிபோல் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி நுழையும் திருகு தெரியும். இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். புதுப் பேட்களை மாட்டிய பிறகு, டிஸ்க் சுழலாமல் பிடிக்கும் வரை அதை வலஞ்சுழியாக இறுக்கி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்றுப் பின்வாங்க வேண்டும். ஹேண்ட் பிரேக் சரியில்லை என்று சொல்லப்படுகிற மியாட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது இந்த ஒரு திருகுதான் என்பது என் அனுபவம். பிரேக் ஆயிலை மாற்றிக் காற்றை வெளியேற்ற இன்னொருவர் கால் வேண்டும். என் மனைவி இருக்கையில் உட்கார்ந்து "மிதி", "பிடி", "விடு" என்ற என் உத்தரவுகளுக்கெல்லாம் பணிந்து, நான்காவது சக்கரத்துக்கு வருவதற்குள் "இன்னும் எத்தனை தடவைங்க மிதிக்கணும்? ரசம் பொங்கிடும்" என்று கேட்பது எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடப்பது.

முதல் கியரோ ரிவர்ஸோ விழ மறுத்தால் கியர்பாக்ஸைக் குறைசொல்லுமுன் மிதியின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். அதன் ரப்பர் உறையை விரலால் தூக்கினால் உள்ளே ஈரம் தெரியும். இரண்டு போல்ட்களில் தொங்கும் மலிவான பாகம் அது. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவதானால் முதலில் ஊற்றும் துளையின் அடைப்பைத் திறந்துவிட்டுப் பிறகுதான் வடிக்கும் துளையைத் திறக்க வேண்டும். பழைய எண்ணெயை வடித்தபின் மேலடைப்பு துருவில் இறுகியிருப்பது தெரிந்தால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கியர் லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம். கோடையில் வலது கை சுடுவதும், சத்தம் உள்ளே வருவதும் அதோடு நின்றுபோகும்.

இனி மேம்பாடு. செலவில்லாதது ஒன்று உண்டு. தொழிற்சாலை இந்த எஞ்சினின் அடிப்படைத் தீப்பொறி நேரத்தை, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் வைத்தது. டயக்னோசிஸ் பெட்டியில் உள்ள இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, டைமிங் லைட்டை அடித்துக்கொண்டே அதே கேம் ஆங்கிள் சென்சாரை மெல்லத் திருப்பி 14 டிகிரிக்குக் கொண்டுவந்தால், கீழ்வேகத்தில் எஞ்சின் விழித்துக்கொண்டதுபோல் இருக்கும். பெட்ரோல் முறையின்றி வெடித்து எஞ்சின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் இதில் கிடையாது. எஞ்சின் தட்டினால் தானாகச் சரிசெய்துகொள்ளாது. ஆகவே உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலைத்தான் ஊற்ற வேண்டும்.

அடுத்தது வெப்பம். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் கறுப்பு நிறம் பழுப்பாக மாறத் தொடங்கினால் வெடிக்க நாள் பார்க்கிறது என்று பொருள். மாற்றத்தான் போகிறோம் என்றால் அலுமினிய ரேடியேட்டரை வாங்குவதில் தவறில்லை. இங்கே தயாரித்தவர்கள் விட்டுக்கொடுத்த ஓர் இடமும் இருக்கிறது. இந்த எஞ்சின், மாஸ்டா 323 என்ற முன்சக்கர இயக்கக் காரில் குறுக்குவாட்டில் பூட்டப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தது. அதில் கூலண்ட் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். மியாட்டாவில் எஞ்சினை நெடுக்குவாட்டில் வைத்தபோது பின்னால் தீச்சுவர் இடித்ததால், வெளியேறும் வழியை முன்பக்கமே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் பின்னால் உள்ள நான்காவது சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவாகவே போய்ச் சேர்கிறது. இதைத் திருத்தப் பின்முனையிலிருந்து கூலண்டை எடுத்து ரேடியேட்டருக்குக் கொண்டுவரும் செட்கள் கிடைக்கின்றன. பந்தயத் தளத்தில் ஓட்டுபவர்களுக்கும் டர்போ பூட்டியவர்களுக்கும் அது தேவை. வார இறுதியில் நயாகரா பக்கம் போய்வருகிற எனக்குத் தேவையில்லை.

1994 முதல் வந்த 1.8 லிட்டர் கார்களில் முன் பிரேக் டிஸ்க் 235 மி.மீ.யிலிருந்து 255 மி.மீ. ஆயிற்று. அந்தப் பெரிய பிரேக்குகளைப் பழைய காரிலும் பொருத்த முடியும். ஆனால் ஒருமுறை மிதித்து நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். பெரிய டிஸ்க் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது எழும் சூட்டைத் தாங்கும், அவ்வளவே. அந்தப் பணத்துக்கு நான் நல்ல டயர் வாங்கினேன். முகப்பு விளக்கில் மட்டும் தயங்கவில்லை. பல்பை மட்டும் தனியாக மாற்ற முடியாத பழைய 7 அங்குல சீல்டு பீமை எடுத்துவிட்டு ஹெச்4 பல்பு போடும் விளக்கைப் பொருத்தியதும் இரவில் சாலை தெரியத் தொடங்கியது. என்றைக்காவது விளக்கைத் தூக்கும் மோட்டார் நின்றுவிட்டால் பானெட்டைத் திறந்து, மோட்டாரின் மேல் ரப்பர் மூடிக்குள் இருக்கும் குமிழைக் கையால் சுழற்றி விளக்கை மேலே கொண்டுவரலாம்.

கழற்றிய அசல் பாகங்களை நான் எறிவதில்லை. ஒன்டாரியோவில் 30 ஆண்டுகளைக் கடந்து, அசல் நிலையிலிருந்து பெரிதாக மாறாத காருக்குத்தான் வரலாற்று வாகன எண்பலகை தருகிறார்கள். மாஸ்டாவும் 2017இல் ஜப்பானில் இந்தத் தலைமுறைக் கார்களுக்கென்றே ஒரு புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்து, கூரை முதல் டயர் வரை சில பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது.

இந்தக் குளிர்காலத்துக்கு மிச்சமிருக்கும் பெரிய வேலை சஸ்பென்ஷன் புஷ்கள். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் நீண்ட போல்ட்கள் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருப்பதால், சிலவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பாலியூரிதேன் புஷ் போடச் சொல்லும் நண்பர்கள் உண்டு. அது கிரீஸ் வற்றினால் கீச்சிடும், குழியில் இறங்கும்போது முதுகுக்குச் சொல்லும். நான் ரப்பரையே வாங்கி வைத்திருக்கிறேன்.